கம்பியின் மறுமுனையில் யார்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இயந்திரத்தைப் பற்றியது. அந்த இயந்திரத்தை நம்மில் பலரும் கண்டதில்லை. அது நகரத்துத் தொலைபேசி நிலையத்தில், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், இரும்பு அடுக்கொன்றில் பொருத்தப்பட்டிருக்கிறது. இறக்குவானையிலோ, எட்டியாந்தோட்டையிலோ, தெரணியகலையிலோ ஒரு பிள்ளை பாடம் படிப்பதற்காகக் கையடக்கத் தொலைபேசியைத் திறக்கும்போது, அந்தப் பிள்ளையின் வேண்டுகோள் இத்தகைய இயந்திரம் ஒன்றைக் கடந்தே உலகத்துக்குச் செல்ல வேண்டும். அது முதலில் ஒரு கேள்வியைக் கேட்கிறது: "நீ யார்?" தக்க விடை கிடைத்த பின்னரே வழி விடுகிறது. இதனை ஆங்கிலத்தில் ரவுட்டர் என்பர். தமிழில் வழிப்படுத்தி என்று சொல்லலாம்.

இவ்வழிப்படுத்தி தன் சந்தாதாரரை எவ்வாறு இனங்காண்கிறது, இனங்கண்ட பின் எவ்வாறு நிருவகிக்கிறது என்பதைச் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை மனத்திற் கொண்டு சிறிது ஆராய்வோம். இது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய பொருள் என்று எண்ணிவிட வேண்டா. "நீ யார், எந்தக் கணக்கைச் சேர்ந்தவன்?" என்ற கேள்வியை மலையகத் தமிழரைப் போல் நீண்ட காலம் எதிர்கொண்ட மக்கள் இந்நாட்டில் வேறு யாரும் இலர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளிக்குத் தகரத்தால் ஆன வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. 'தகர டிக்கட்' என்பது அதற்குப் பெயர். அவர் சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கமும், அவருடைய இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்விலக்கத்தைக் கொண்டு வழிச் செலவு அந்தந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பின்னர்ச் செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேடு. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக விரும்பினால், அவர் பேரிலுள்ள கடனைக் குறிக்கும் 'துண்டு'. இத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டு சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை எந்த நாட்டின் பதிவேட்டிலும் இடமில்லாதவர் ஆக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கடந்தே அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. ஆகையால், பெயர்ப் பதிவு என்பது எத்துணைப் பெரிய காரியம் என்று தோட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அனுபவத்தைத் துணையாகக் கொண்டு இயந்திரத்தின் பக்கம் திரும்புவோம்.

அகலப்பட்டை இணைப்பு என்பது விரைந்து செல்லும் இணைய இணைப்பு. வீட்டுக்குள் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதையும் ரவுட்டர் என்றே அழைக்கிறோம். அது வாசற்படி. அதிலிருந்து செப்புக் கம்பி வழியாகவோ, கண்ணாடி இழை வழியாகவோ, ஆகாய வழியாகவோ செய்தி புறப்பட்டுத் தொலைபேசி நிலையத்தை அடைகிறது. அங்கே ஆயிரக்கணக்கான வாசற்படிகளிலிருந்து வரும் பாதைகள் ஒன்றுகூடும் சந்தியில், நாம் முதலிற் சொன்ன பெரிய வழிப்படுத்தி அமர்ந்திருக்கிறது. இதுவே வாயிற் காவலன். இது சந்தாதாரரை இனங்காண்பதற்கு மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது முறை, பெயரும் கடவுச்சொல்லும் கேட்பது. செப்புக் கம்பி இணைப்புகளில் இது பெரிதும் வழங்கியது. இதற்குரிய விதிகள் 1999 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெளியிடப்பட்டன. பிபிபிஓஇ என்பது அதன் சுருக்கப் பெயர். இம்முறையில் வீட்டுப் பெட்டிக்கும் பெரிய வழிப்படுத்திக்கும் இடையே நான்கு வார்த்தைகள் நடைபெறுகின்றன. மின்சாரம் வந்ததும் வீட்டுப் பெட்டி, "எனக்கு வழிவிடுவார் யாரேனும் உளரோ?" என்று பொதுவாகக் கூவுகிறது. "நான் இருக்கிறேன்" என்று வழிப்படுத்தி விடையளிக்கிறது. "அப்படியாயின் என்னை ஏற்றுக்கொள்க" என்று பெட்டி வேண்டுகிறது. "ஏற்றேன், இந்த அமர்வுக்கு உன் இலக்கம் இது" என்று வழிப்படுத்தி ஓர் இலக்கத்தைக் கொடுக்கிறது. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுப்பதை இது ஒருவாறு ஒத்திருக்கிறது எனலாம். ஆனால் இலக்கம் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. "நீ சொல்லும் பெயருக்கு உரியவன் நீதானா?" என்ற வினா எஞ்சி நிற்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கம்பி வழியாக வெளிப்படையாக அனுப்பினால் இடையில் உள்ளவர் களவாடக்கூடும். எனவே வழிப்படுத்தி ஒரு புதிர் எண்ணை அனுப்புகிறது. வீட்டுப் பெட்டி, அந்தப் புதிரையும் தன்னிடம் உள்ள கடவுச்சொல்லையும் ஒன்றாகக் கலந்து ஒரு கணக்கைச் செய்து, அதன் விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதே கணக்கை மறுபக்கத்திலும் செய்து பார்க்கிறார்கள். இரண்டு விடைகளும் ஒத்திருந்தால் கதவு திறக்கிறது. இரகசியம் கம்பியில் ஏறவே இல்லை. ஆயினும் அதை அறிந்தவன் இவன் என்பது நிறுவப்பட்டுவிட்டது. அடுத்த முறை புதிர் வேறாக இருக்கும் ஆதலால், பழைய விடையை ஒட்டுக்கேட்டு வைத்திருந்தாலும் பயனில்லை.

மறுபக்கத்தில் அக்கணக்கைச் சரிபார்ப்பது யார்? வழிப்படுத்தி எல்லாச் சந்தாதாரரின் விவரங்களையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. கொழும்பிலோ வேறு நகரிலோ உள்ள ஒரு தலைமைப் பதிவேட்டை அது கேட்கிறது. அந்தப் பதிவேட்டு முறைக்கு ரேடியஸ் என்று பெயர். 1991 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் என்னும் நிறுவனம் இதை வகுத்தது. பின்னர் உலகெங்கும் பொது விதியாயிற்று. வழிப்படுத்தி வாயிற் காவலன் என்றால், ரேடியஸ் கணக்குப்பிள்ளை. "இவரை அனுமதிக்கலாமா?" என்று காவலன் கேட்கிறான். "அனுமதிக்கலாம், இவருக்கு இவ்வளவு வேகம், இன்ன முகவரியைக் கொடு" என்றோ, "அனுமதிக்க வேண்டா" என்றோ கணக்குப்பிள்ளை விடை சொல்கிறார். கேள்வியும் விடையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது முறை, பெயர் கேளாமல் பாதையைப் பார்த்தே ஆளை அறிவது. கண்ணாடி இழை இணைப்புகளில் இது மிகுதியாகக் கையாளப்படுகிறது. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியிற் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குச் செல்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பொருத்தப்படும் ஒளிமுனைப் பெட்டிக்குப் பன்னிரண்டு குறிகள் கொண்ட தொடரிலக்கம் உண்டு. உலகில் அதே இலக்கம் உடைய மற்றொரு பெட்டி இருத்தலாகாது. வீட்டிலிருந்து "எனக்கொரு முகவரி வேண்டும்" என்று கோரிக்கை புறப்பட்டதும், இடையிலுள்ள கருவி அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டுகிறது: "இது இன்ன நிலையத்தின் இன்ன கிளையில் இன்ன துளையிலிருந்து வருகிறது." 2001 ஆம் ஆண்டில் விதியாக்கப்பட்ட இச்சீட்டு, தெரிவு எண்பத்திரண்டு என்னும் பெயரால் வழங்குகிறது. சீட்டை ஒட்டுவது வீட்டுப் பெட்டியன்று, கம்பனியின் கருவியே. ஆதலால் வீட்டிலுள்ளவர் அதை மாற்றி எழுத முடியாது.

இதனோடு மற்றொரு குறியீடும் சேர்கிறது. ஒவ்வொரு வீட்டின் செய்திக்கும் இரண்டு அடுக்கு முத்திரைகள் குத்தப்படுகின்றன. வெளி முத்திரை எந்த நிலையம் என்பதையும், உள் முத்திரை எந்த வீடு என்பதையும் குறிக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் 4,094 இலக்கங்கள் கிடைக்கின்றன. இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட தனித்தனிப் பாதைகளை அடையாளமிட முடிகிறது.

மூன்றாவது முறை, சிம் அட்டை. தோட்டப் பகுதிகளில் இதுவே பெரும்பான்மையோர் அறிந்தது. மலைச்சரிவுகளில் தூண் நாட்டி இழை கொண்டுபோவது கடினம். கோபுரம் ஒன்றை நிறுவி ஆகாய வழியாக இணைப்பது எளிது. சிம் அட்டைக்குள் பதினைந்து இலக்கம் வரையுள்ள ஓர் எண் பொதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு உரியது 413. அடுத்து வருவன கம்பனியையும், எஞ்சியவை சந்தாதாரரையும் குறிக்கும். இவ்வெண்ணோடு ஒரு மறைச்சாவியும் அட்டையினுள் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சாவி அட்டையை விட்டு வெளியே வருவதில்லை. முன்னர்ச் சொன்ன புதிர்க் கணக்குப் போன்றதொரு சோதனையே இங்கும் நடைபெறுகிறது.

தகர டிக்கட்டில் இருந்ததும் எண். சிம் அட்டையில் இருப்பதும் எண். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. தகர டிக்கட் தோட்டத்தின் எண்ணைத் தாங்கித் தோட்டத்தின் கணக்கில் ஆளைச் சேர்த்தது. சிம் அட்டையோ தனிமனிதரின் தேசிய அடையாள அட்டையோடு பிணைக்கப்படுகிறது. இந்த வேற்றுமையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

இனி, இனங்கண்ட பின் நிருவகிக்கும் முறையைப் பார்ப்போம். வழிப்படுத்தி ஒவ்வொரு சந்தாதாரருக்கும் நான்கு காரியங்களைச் செய்கிறது.

முதலாவது, முகவரி கொடுத்தல். அதைப் பற்றித் தனியே பேச வேண்டியிருப்பதால் சற்றே நிறுத்தி வைப்போம்.

இரண்டாவது, வேகத்தை அளந்து விடுதல். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு வாளி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் சீரான வேகத்தில் அனுமதிச் சீட்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு செய்திப் பொதி கடந்து செல்ல வேண்டுமானால் தன் அளவுக்கேற்ற சீட்டுகளை வாளியிலிருந்து கொடுக்க வேண்டும். வாளி வெறுமையானால் பொதி காத்திருக்கும், அல்லது எறியப்படும். அதிக வாடகை கொடுப்பவரின் வாளியில் சீட்டுகள் விரைந்து விழும். "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று நாம் சொல்லும்போது, பல வேளைகளில் இவ்வாளி வெறுமையாய்க் கிடக்கிறது என்பதே பொருள். மழையினால் அலை தளர்ந்ததும், கோபுரத்தில் நெருக்கடி மிகுந்ததும் ஏனைய காரணங்கள்.

மூன்றாவது, கணக்கெழுதுதல். அமர்வு தொடங்கியதும் "தொடங்கினார்" என்று தலைமைப் பதிவேட்டுக்கு அறிவிக்கப்படுகிறது. இடையிடையே "இதுவரை இவ்வளவு" என்றும், முடிவில் "முடித்தார், மொத்தம் இவ்வளவு" என்றும் அறிவிப்புகள் செல்லும். சந்தாதாரர் சொல்லாமல் மறைந்துவிட்டால் என்ன செய்வது? வழிப்படுத்தி அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று தட்டிப் பார்க்கிறது. தொடர்ந்து சில முறை விடை வராவிட்டால், ஆள் இல்லை என்று முடிவு செய்து கணக்கை மூடிவிடுகிறது.

நான்காவது, கட்டுப்படுத்துதல். மாதத்துக்கு உரிய அளவு தீர்ந்துவிட்டாலோ, வாடகை செலுத்தப்படாவிட்டாலோ, பதிவேட்டிலிருந்து ஒரு கட்டளை வருகிறது. சிலருக்கு வேகம் குறைக்கப்படும். சிலர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டணம் செலுத்தும் பக்கமே தோன்றும். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போடுவதைத் தோட்டத்தில் அறிவோம். வேகக் குறைப்பும் ஒருவகையில் அரைப்பேர்தான். இயந்திரம் இதைச் சினமின்றியும் இரக்கமின்றியும் செய்கிறது. பரீட்சைக்கு முதல் நாளா, வீட்டில் நோயாளி உண்டா என்பதை அது அறியாது. அறிந்தவர் மனிதர், விதியை எழுதுபவரும் மனிதரே.

இவ்விடத்தில் நடைமுறைக்கு உதவும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சப்பிரகமுவ மழை மிகுந்த நாடு. இடியும் மின்னலும் மின்தடையும் அங்கே புதியன அல்ல. மின்சாரம் போய் மீண்டும் வரும்போது, ஒரு பிரதேசத்தின் வீட்டுப் பெட்டிகள் யாவும் ஒரே கணத்தில் விழித்துக்கொண்டு "எனக்கு வழி விடு" என்று கூவுகின்றன. ஆயிரம் பேர் ஒரே வேளையிற் பிரட்டுக்கு வந்து நின்றால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? பதிவேடு திணறும். சில விடைகள் பிந்தும். இவ்வேளையிற் பெட்டியை மீண்டும் மீண்டும் அணைத்து ஏற்றுவதால் பயனில்லை. கூட்டத்தில் இன்னும் ஒரு குரல் கூடுமே தவிர வேறொன்றும் நேராது. சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் இணைப்புத் தானே திரும்பிவிடும். மின்னல் நேரத்தில் பெட்டியின் மின் இணைப்பையும், செப்புக் கம்பி இணைப்பையும் கழற்றி வைப்பதும் நன்று.

இப்போது முகவரியின் கதைக்கு வருவோம். இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி தேவை. பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலக மக்கள் தொகையே அதைவிட அதிகம். நம் ஆசிய, பசிபிக் பகுதிக்குரிய பொதுச் சேமிப்பு 2011 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே கடைசிப் பகுதியைத் தொட்டுவிட்டது. அதன் பிறகு முகவரிகள் மிகச் சிக்கனமாகவே பங்கிடப்பட்டன. ஆகவே கம்பனிகள் ஓர் உபாயத்தைக் கையாண்டன. பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்திவிடுவது என்பதே அது. வெளியுலகத்துக்கு ஒரே முகவரி தெரியும். உள்ளே யாருக்கு எந்தச் செய்தி என்பதை ஒரு கருவி பிரித்துக் கொடுக்கும். இதற்கென 2012 ஆம் ஆண்டில் நூறு, அறுபத்துநான்கு என்று தொடங்கும் ஒரு முகவரித் தொகுதி தனியே ஒதுக்கப்பட்டது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதுமையாகத் தோன்றாது. ஒரு தோட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும். கடித உறையின்மேல் எழுதப்படுவதோ தோட்டத்தின் பெயர் ஒன்றே. தபாற் பை அலுவலகத்துக்கு வரும். அங்கே பிரித்து, இன்னார் இன்ன லயத்தில் இருக்கிறார் என்று அறிந்தவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லயத்துக்குப் பெயரில்லை, காம்பிராவுக்கு இலக்கமில்லை என்றால், ஒரே பெயருடைய இருவருள் யாருக்கு வந்த கடிதம் என்பது எவ்வாறு தெரியும்? நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் நாள் கடந்து கிடைப்பதும், வங்கிக் கடிதம் வேறு கையிற் சேர்வதும் மலையகத்தில் நெடுங்காலமாகப் பேசப்படும் குறைகள்.

இணையக் கருவி இந்த இடரை எவ்வாறு கடந்தது தெரியுமா? பொது முகவரியோடு ஒரு வாயில் இலக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. ஒரு முகவரிக்கு 65,536 வாயில் இலக்கங்கள் உண்டு. எந்த வாயில், எந்த நேரத்தில், யாருக்கு உரியதாயிருந்தது என்று பதிவேடு எழுதி வைக்கிறார்கள். அப்பதிவு ஒழுங்காயிருந்தால், ஆயிரம் பேர் ஒரே முகவரியின் பின்னால் நின்றாலும் ஒருவரது செய்தி மற்றவருக்குப் போகாது. பதிவு ஒழுங்கற்றதாயின், ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றொருவரை வினவும் நிலை வரக்கூடும். புதிய முகவரி முறையாகிய ஐபிவி ஆறில் முகவரிப் பஞ்சமே இல்லை. வீட்டுக்கு ஒன்றன்று, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி வழங்க அதில் இடமுண்டு.

நேயர்களே, இதிலே ஒரு விந்தையைக் காண்கிறோம். பலாங்கொடைக்கு அருகில் ஒரு லயத்தின் ஆறாவது காம்பிராவுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டால், வழிப்படுத்திக்கு அந்த வீட்டை ஐயமறத் தெரியும். ஐந்தாவது காம்பிராவோடு அதை ஒருபோதும் குழப்பிக்கொள்ளாது. அஞ்சல் உறை இன்னும் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிட, இயந்திரத்தின் ஏட்டில் அந்த வீட்டுக்குத் தனி முகவரி கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த ஏட்டில் இடம்பெறுவதற்கு முன் ஒரு விண்ணப்பப் பத்திரத்தை நிரப்ப வேண்டும். அதிலே பெயர், அடையாள அட்டை இலக்கம், வசிக்கும் முகவரி, முகவரிக்குச் சான்று ஆகியன கேட்கப்படும். நகரத்தவர் மின்சாரப் பட்டியலையோ நீர்ப் பட்டியலையோ எடுத்து நீட்டுவர். லயத்தில் வசிப்பவர் தம் பெயரில் எந்தப் பட்டியலை நீட்டுவார்? நிலம் குடியிருப்பவருடையதன்று. தோட்டங்கள் 1992 ஆம் ஆண்டு முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. எனவே தூண் நாட்டுவதற்கும் இழை இழுப்பதற்கும் நிருவாகத்தின் இசைவையும் நாட வேண்டியிருக்கிறது. இயந்திரம் இனங்காணத் தயங்கவில்லை; தயக்கம் எல்லாம் இயந்திரத்துக்கு முந்திய மேசையிலேதான்.

இதனால் என்ன நேர்கிறது? ஒருவர் பெயரில் வாங்கிய இணைப்பைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. அண்டை வீட்டாரோடு பகிர்ந்து வாழ்வது நல்ல பண்புதான். ஆனால் வழிப்படுத்தியின் கண்ணுக்கு அங்கே ஒரே ஆள்தான் தெரிவார். வீட்டுப் பெட்டி, தன் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே முகவரியாய் மறைத்துக் காட்டுகிறது. நான்கு பிள்ளைகள் நான்கு தொலைபேசிகளிற் படித்தாலும், ஒரே வாளியிலிருந்துதான் சீட்டுகள் எடுக்கப்படும். மாதத்தின் முதல் வாரத்தில் ஒருவர் திரைப்படம் பார்த்து அளவைத் தீர்த்துவிட்டால், மீதி மாதம் முழுவதும் நால்வருக்கும் அரைப்பேர். ஒருவர் தவறான காரியத்துக்கு இணைப்பைப் பயன்படுத்தினால், வினவப்படுபவர் பதிவேட்டில் உள்ளவரே. எண்ணிக்கையிலும் ஒரு குறை ஏற்படுகிறது. நான்கு குடும்பத் தேவை ஒரு சந்தாதாரராகவே கணக்கில் நிற்கும். இங்கே இன்னொரு கோபுரம் வேண்டும் என்று கேட்கும்போது, ஏட்டிலுள்ள எண்ணிக்கை நமக்குச் சாட்சி சொல்லாது.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் இணையத்தின் வழியே வந்தது. இணைப்பில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையே இல்லாமற் போயிற்று. அக்காலத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு, கிராமங்களுக்குத் தொடர்பாடலைக் கொண்டுசெல்லும் 'கமட்ட சன்னிவேதனய' என்னும் திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கியது. கோபுரம் எழுந்த இடங்களில் அலை வந்தது. ஆனால் அலை வந்த வீட்டில் எத்தனை பேருக்குத் தம் பெயரில் இணைப்பு உண்டு என்பது வேறு வினா.

மற்றொன்றும் உண்டு. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்துக் குடியிருப்பின் மீதும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை நள்ளிரவில் வெளியாகலாம். அது எந்த வழியாக லயத்துக்கு வந்து சேரும்? வானொலி ஒரு வழி. கையடக்கத் தொலைபேசி மற்றொரு வழி. அந்த வழி திறந்திருக்க வேண்டுமானால், வழிப்படுத்தியின் ஏட்டில் அந்த வீடு உயிரோடிருக்க வேண்டும். அளவு தீர்ந்து, கதவடைக்கப்பட்டதாய் இருத்தலாகாது. இடர்க் காலத்தில் எச்சரிக்கைப் பக்கங்களையும் பாடப் பக்கங்களையும் அளவுக் கணக்கிற் சேர்க்காமல் விடுவது இயந்திரத்துக்கு மிக எளிய காரியம். ஒரு விதியை எழுதினாற் போதும். எழுத வேண்டும் என்ற மனம் வேண்டும், அவ்வளவே.

ஆகவே நாம் செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் கையிலுள்ள சிம் அட்டை யார் பெயரிற் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பல தோட்டங்களில் அது கடைக்காரர் பெயரிலோ, கொழும்பில் வேலை செய்யும் உறவினர் பெயரிலோ இருக்கிறது. அட்டை தொலைந்தால் மீட்டுத் தரும்படி கேட்கும் உரிமை பதிவேட்டில் உள்ளவருக்கே உண்டு. வங்கிக்கும் பரீட்சைக்கும் அந்த எண்ணையே கொடுத்திருப்பீர்கள். உங்கள் பெயரில் நீங்கள் அறியாத அட்டைகள் உள்ளனவா என்பதையும் கேளுங்கள்.

வீட்டுப் பெட்டியின் அடியில் அச்சிட்டு வரும் கடவுச்சொல்லை அப்படியே வைத்திராமல் மாற்றுங்கள். அண்டை வீட்டாரோடு பகிர்வதாயின் விருந்தினருக்கென்று தனிக் கடவுச்சொல் அமைத்துக் கொடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அதற்கு இடமுண்டு. அளவைப் பகிர்ந்துகொள்வது பற்றி முன்கூட்டியே பேசி வைத்தால் மாதக் கடைசியில் மனத்தாங்கல் வராது.

இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது முகவரிச் சான்று இல்லை என்று திரும்பிவிட வேண்டா. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் பெறலாம். அதில் தோட்டத்தின் பெயரோடு பிரிவு, லயம், வீட்டு இலக்கம் ஆகியவற்றையும் எழுதும்படி கேளுங்கள். இலக்கமில்லாத லயங்களுக்கு இலக்கமிடும் வேலையைத் தோட்டத்து இளைஞர் மன்றங்கள் நிருவாகத்தோடும் பிரதேச செயலகத்தோடும் கலந்து மேற்கொள்ளலாம். ஒரு வாளி வண்ணமும் ஒரு தூரிகையும் இருந்தால் கதவுகளில் எண் எழுதிவிட முடியும். அவ்வெண் அஞ்சல் அலுவலகத்தின் ஏட்டிலும் ஏறும்படி செய்வதே கடினமான பகுதி. அதற்கு விடாமுயற்சி வேண்டும்.

வழிப்படுத்தி என்னும் இவ்வியந்திரத்துக்குச் சாதியில்லை, மொழியில்லை. துரையின் பங்களாவையும் லயத்தின் கடைசிக் காம்பிராவையும் அது ஒரே கேள்வி கேட்டே உள்ளே விடுகிறது. ஏட்டில் உள்ளவருக்கு வழி விடும்; இல்லாதவரை நிறுத்தும். ஏட்டில் யாரை எழுதுவது என்பதை மட்டும் அது தீர்மானிப்பதில்லை. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தப் பெயரோடும், தன் கதவின் இலக்கத்தோடும் அந்த ஏட்டில் ஏறுவதற்கு வேண்டிய முயற்சியை நாமே தொடங்க வேண்டும்.